வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு

அதுவாங்க? கண்ணாடியெல்லாம் புழுதி படிஞ்சு மூடிக் கெடக்குதே, அந்தப் பெரிய கட்டடத்தைத்தானே கேக்குறீங்க? அது மால்ங்க. மயூரா மால். நீங்க வெளியூரு போல, அதான் தெரியலை. இந்தப் பக்கத்துல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. இந்த ஸ்டாப்புக்குப் பேரே மால் ஸ்டாப்புதான். மாலை மூடியாச்சு, பேரு மட்டும் நிக்குது.

கண்டக்டர் கீழ எறங்கிட்டாரு பாருங்க. முன்னாடி பாலம் வேலை நடக்குது, ஒரு பக்கமா மட்டும்தான் வண்டி விடுறாங்க. இப்போதைக்கு நகராது. அந்தப் பையை மடியில வெச்சுக்கிட்டு ஏன் கஷ்டப்படுறீங்க, இப்படிக் கீழ வையுங்க.

நான் அங்கதாங்க வேலை பார்த்தேன். தொறந்ததுலேர்ந்து மூடுற வரைக்கும். பேரு ஹேமலதா. பேரைச் சொன்னா ஒருத்தருக்கும் தெரியாது. குரலைக் கேட்டாத்தான் தெரியும். "வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு..." பார்த்தீங்களா, முன் சீட்டுக்காரரு திரும்பிப் பார்க்குறாரு. அவரு அங்க வந்து போனவரு. அந்த மால்ல மைக்ல பேசுனது நான்தாங்க. காணாமப் போன கொழந்தை, வழியை மறிச்சு நிறுத்தின காரு, தள்ளுபடி, பரிசுக் குலுக்கல், எதுவா இருந்தாலும் என் வாய் வழியாத்தான் வரணும். சின்ன வயசுல ரேடியோவுல சேரணும்னு ஆசைப்பட்டேன். அது நடக்கலை. இது நடந்துச்சு. கொறை ஒண்ணும் இல்லை.

அந்த எடம் மொதல்ல பாட்டில் கம்பெனி. சோடா பாட்டில், மருந்து பாட்டில் எல்லாம் அங்க செஞ்சாங்க. அது நொடிச்சுப் போய் ரொம்ப வருஷம் முள்ளு மண்டிக் கெடந்துச்சு. மால் கட்ட அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினப்ப மண்ணோட மண்ணா கண்ணாடிச் சில்லா வந்துச்சாம். வேலைக்கு வந்த வடநாட்டு ஆளுங்க கால்ல சாக்கைச் சுத்திக்கிட்டுத்தான் எறங்குவாங்களாம். அப்ப இந்த ரோட்டுல ஒரு பஞ்சர் கடை, ஒரு புரோட்டா கடை, அவ்வளவுதான். தாம்பரம் தாண்டிட்டா பொட்டல். இங்க யாரு வந்து பெரிய கடையில துணி வாங்கப் போறாங்கன்னு எல்லாரும் சிரிச்சாங்க.

வந்தாங்க. செங்கல்பட்டுலேர்ந்து, மதுராந்தகத்துலேர்ந்து வேன் வெச்சுக்கிட்டு வந்தாங்க. வாங்குறதுக்கு இல்லைங்க, பார்க்க. ஏசியில உக்கார. முக்கியமா அந்த எஸ்கலேட்டர்ல ஏற. அதுல ஏறப் பயந்துகிட்டுப் பொம்பளைங்க செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு நிப்பாங்க. பொடவை மாட்டிக்கும்னு பயம். அவங்க கையைப் புடிச்சு ஏத்தி விடுறதுக்குன்னே ஒரு பொண்ணை வேலைக்கு வெச்சாங்க. அவதான் வாசுகி.

அவளை அந்த வேலைக்குச் சேர்த்து விட்டதே நான்தான். ரெண்டு பேரும் ஒரே ரயில்ல வருவோம், ஒரே டப்பால சாப்பிடுவோம். அவ புருஷன் சரியில்லை, ஒரு பொண் கொழந்தை வேற. நான்தான் ஜி.எம். கிட்ட சொல்லி வாங்கிக் கொடுத்தேன். நாளெல்லாம் நின்னுக்கிட்டு முன்னப் பின்னத் தெரியாதவங்க கையைப் புடிச்சு, "பயப்படாதீங்கம்மா, வலது கால எடுத்து வெய்யுங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பா. ஜனங்களுக்குப் பழகினதும் அந்த வேலை போச்சு. மூணாவது மாடியில கொழந்தைங்க துணிக்கடை ஒண்ணு இருந்துச்சு, அதுல சேர்ந்தா. போகப் போக அங்க அவதான் பெரியவ. அவ கீழ ரெண்டு மூணு பொண்ணுங்க.

ஜி.எம். யாருன்னு சொல்லலையே. வெங்கடபதி சார். மொத்த மாலையும் அவருதான் பார்த்துக்கிட்டாரு. நல்ல மனுஷன். குரல் உசத்த மாட்டாரு. எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்தது அவருதான். மால் தொறந்த புதுசுல, நான் லீவுல இருந்த நாளு, குண்டு வெச்சிருக்குன்னு யாரோ போன் பண்ணிட்டான். மைக்ல இருந்த பொண்ணு அதை அப்படியே சொல்லிட்டா. அவ்வளவுதான். அடிச்சுப் புடிச்சு ஓடி, எஸ்கலேட்டர்ல ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து, கையி காலு ஒடிஞ்சு, ஒரு வாயும் வயிறுமா இருந்த பொம்பளையைத் தூக்கிக்கிட்டு ஓடுனாங்க. குண்டும் இல்லை, ஒண்ணும் இல்லை. மறுநாள் சார் என்னைக் கூப்பிட்டு, "ஹேமா, மைக்ல பயம் வரவே கூடாது. கூட்டத்தை நகர்த்தணும்னா ஆசை காட்டித்தான் நகர்த்தணும்"னாரு. அதை நான் மறக்கவே இல்லைங்க.

குலுக்கல் வந்ததும் அப்படித்தான். கூட்டம் கொறையுற நாள்ல ஒரு குலுக்கல் வெப்பாங்க. பில்லோட ஒரு கூப்பன், அதைப் பெரிய உருளையில போட்டுச் சுத்தி எடுக்குறது. ஒரு தடவை வாசுகி அவ பொண்ணுக்குக் கவுன் வாங்கின பில்லோட கூப்பனைப் போட்டிருக்கா. அவளுக்கே ஃபிரிட்ஜ் விழுந்துடுச்சு. எடுத்தது நானு. பேரைப் படிச்சதும் சந்தோஷத்துல கத்திட்டேன். மேடைக்கு வந்தவ கையில பரிசு அட்டையைக் கொடுத்தேன். கீழ ஒருத்தன், "இது இங்க வேலை செய்யுற பொண்ணு, ஏமாத்துறாங்க"ன்னு சத்தம் போட்டான். உடனே கூட்டமே சத்தம் போட்டுச்சு. சார் என்னங்க பண்ணுவாரு? அவ கையிலேர்ந்து அந்த அட்டையைத் திருப்பி வாங்கி, மறுபடி உருளையைச் சுத்தச் சொன்னாரு. வாசுகி மேடை ஓரமா நின்னு, வேற யாருக்கோ கை தட்டினா. ரயில்ல அன்னிக்கு, ஃபிரிட்ஜ் வெக்க எங்க வீட்டுல எடம் எங்க இருக்குன்னு மட்டும் சொன்னா.

அதுக்கப்புறம் ஒவ்வொரு குலுக்கல் அறிவிப்புலயும் கடைசியா ஒரு வரி சேர்த்தோம். மால் ஊழியர்களுக்கு இல்லைன்னு. நல்லதுதானே? அப்புறம் சந்தேகம் வராது பாருங்க.

அப்படியே ஓடுச்சு. அப்புறம் சிட்டிப் பக்கமா அந்தப் புது மால் வந்துச்சு, இதை மாதிரி மூணு மடங்கு. நம்ம ஜனங்களும் ரயில் ஏறி அங்க போக ஆரம்பிச்சாங்க. இங்க ஒவ்வொரு கடையா ஷட்டர் எறங்குச்சு. சினிமா மூடியாச்சு. வார நாள்ல ஏசி போட மாட்டாங்க. ஒரு எஸ்கலேட்டர் நின்னு போச்சு, அதைச் சாதாரணப் படிக்கட்டு மாதிரி ஏறிப் போவாங்க. இருக்குற கடைக்காரங்க குடோன் வாடகை மிச்சம் பண்ண, சரக்குப் பெட்டியையெல்லாம் பின்பக்கப் படிக்கட்டுல அடுக்கி வெச்சாங்க. எல்லாருக்கும் தெரியும். சாருக்கும் தெரியும். எடுக்கச் சொன்னா அவங்களும் காலி பண்ணிட்டுப் போயிடுவாங்களே, என்ன பண்றது?

அந்த வருஷம் தீபாவளிக்கு முந்துன ஞாயித்துக்கெழமை மட்டும், சொன்னா நம்ப மாட்டீங்க, பழைய கூட்டம் வந்துச்சு. எங்கேர்ந்துதான் வந்தாங்களோ. சார் பெரிய விளம்பரம் கொடுத்திருந்தாரு. முன்பக்கம் கண்ணாடி முழுக்க, மேலேர்ந்து கீழ வரைக்கும், ஒரு குடும்பம் மத்தாப்புக் கொளுத்துற மாதிரி பேனர் கட்டியிருந்தாங்க. கீழ்த் தளத்துல நிக்க எடமில்லை. நான் என் கண்ணாடிக் கவுண்டர்ல உக்காந்துகிட்டு, அம்மாவைத் தொலைச்ச கொழந்தைங்களுக்கு மிட்டாய் கொடுத்து உக்கார வெச்சிருக்கேன். சாயங்காலம், வெளிச்சம் இன்னும் போகலை.

சார் வந்தாரு. அவரு மெதுவா நடக்குறவரு. அன்னிக்கு வேகமா வந்தாரு. மொகத்துல சிரிப்பு இருக்கு, கழுத்துல வேர்வை வழியுது. சிரிச்சுக்கிட்டே என் காதுகிட்ட குனிஞ்சு சொன்னாரு. மூணாவது மாடி சாப்பாட்டுக் கடையில பொகை போற குழாய்ல தீப்புடிச்சிருக்கு. ஃபயர் சர்வீஸ் வந்துக்கிட்டிருக்கு. "ஒரு குலுக்கல் விடு ஹேமா. எல்லாரும் முன் பார்க்கிங்குக்கு வரணும். சிரிச்சுக்கிட்டே சொல்லு."

மைக்கைத் தொறந்தேன். குரல் நடுங்கலை. அந்த அறிவிப்பைப் பார்த்துப் படிக்க வேண்டிய அவசியமே இல்லை, அத்தனை தடவை சொல்லியிருக்கேன். மொதல் பரிசு காருன்னு மட்டும் நானா சேர்த்துக்கிட்டேன். ஃபிரிட்ஜுன்னு சொல்லியிருந்தா பாதிப் பேரு வந்திருக்க மாட்டாங்க. காருன்னதும் பாருங்க, கூட்டம் அப்படியே திரும்புச்சு. யாரும் ஓடலை. அதைத்தான் கவனிக்கணும். ஓடலை. சிரிச்சுக்கிட்டு, கொழந்தையைத் தோள்ல தூக்கிக்கிட்டு, எந்தக் காருங்க, எந்தக் காருங்கன்னு கேட்டுக்கிட்டு நடந்து போறாங்க. எஸ்கலேட்டர்ல வரிசையா எறங்குறாங்க. ஒரு பொம்பளை போட்டுப் பார்த்த சுடிதாரோட, விலை அட்டை தொங்கத் தொங்கப் போகுது. நான் மறுபடி சொன்னேன். மறுபடி சொன்னேன். எண்ணெய் கருகுற வாசனை எனக்கு வந்துடுச்சு. தொண்டை அரிக்குது. இருமல் வந்தா கெட்டுது காரியம். மைக்கை மூடிக்கிட்டு இருமிட்டு, தொறந்து சிரிச்சேன். என் வாழ்நாள்ல அவ்வளவு நல்லா நான் சொன்னதே இல்லைங்க.

ஸ்டாஃப் என்ன சார்னு நான் கேட்டேன். கேக்கலைன்னு நெனைக்காதீங்க, கேட்டேன். செக்யூரிட்டி மாடி மாடியாப் போய்ச் சொல்லுவாங்கன்னாரு. அப்பவே கரண்ட் போச்சு. மைக்கும் போச்சு. கவுண்டர்ல இருந்த கொழந்தைங்களைக் கையில ஒண்ணு, இடுப்புல ஒண்ணுன்னு தூக்கிக்கிட்டு நானும் வெளிய வந்துட்டேன்.

வெளிய வந்து பார்த்தா, செக்யூரிட்டி பூராவும் பார்க்கிங்ல நிக்குது. அத்தனை கூட்டத்தை அடக்க ஆள் வேணுமே. ஜனங்க காரு எங்கன்னு கேக்குறாங்க. உள்ள பையை விட்டுட்டேன், எடுத்துட்டு வரேன்னு சில பேரு திரும்பப் பார்க்குறாங்க. சார் உருளையை வெளிய உருட்டிக்கிட்டு வரச் சொல்லி, கை மைக்கை என்கிட்ட கொடுத்தாரு. ஆறுதல் பரிசுலேர்ந்து ஆரம்பின்னாரு. நான் ஒரு பெஞ்சு மேல ஏறி நின்னு, கூப்பனை எடுத்து எடுத்து நம்பரைப் படிக்கிறேன். கூட்டம் என்னைப் பார்த்து நிக்குது. அவங்களுக்குக் கட்டடம் முதுகுப் பக்கம். எனக்கு நேர் எதிர.

பின்பக்கமா பொகை ஏறுறது எனக்குத் தெரியுது. முன்பக்கம் ஒண்ணுமில்லை. அந்த பேனர்தான், மூணாவது மாடி ஒசரத்துல, அந்த மத்தாப்புப் புடிச்ச கொழந்தை மொகம் இருக்குற எடத்துல ஆடுச்சு. உப்பும், அடங்கும். உப்பும், அடங்கும். காத்துன்னு நெனைச்சேன். முன்னாடி நின்ன ஒரு பொண்ணு எதுக்கோ திரும்பிப் பார்த்துட்டு, "மேடம், அங்க பாருங்க, உள்ளேர்ந்து யாரோ தட்டுறாங்க"ன்னுச்சு. மெதுவாத்தான் சொல்லுச்சு. நான் சாரைப் பார்த்தேன். நிறுத்தாதன்னு கையைக் காட்டுனாரு.

அடுத்த நம்பரைப் படிச்சேன்.

அப்படிப் பார்க்காதீங்க. நீங்களே சொல்லுங்க, நான் அப்ப நிறுத்தியிருந்தா என்ன ஆயிருக்கும்? அத்தனை பேரும் திரும்பியிருப்பாங்க. பாதி உள்ள ஓடும், பாதி வெளிய ஓடும். கொழந்தை குட்டியோட மிதிபட்டுச் செத்திருக்கும். ஃபயர் வண்டிச் சத்தம் வர வரைக்கும் படிச்சேன். வண்டி வந்து நின்னப்பதான் கூட்டம் திரும்பிப் பார்த்துச்சு. அதுக்குள்ள எல்லாரும் தள்ளி, பத்திரமா, திறந்தவெளியில நிக்குறாங்க. ஒரு கஸ்டமருக்குக் கூட ஒரு கீறல் இல்லைங்க. ஒரு கீறல்.

ஏணி போட்டு, பேனரைக் கிழிச்சு, கண்ணாடியை ஒடைச்சாங்க. வாசுகியையும் இன்னொரு பொண்ணையும் எறக்குனாங்க. மூக்கு வாயெல்லாம் கரி. கை ரெண்டும் தட்டித் தட்டி வீங்கிப் போச்சு அவளுக்கு. அவ கடையில பியூலான்னு ஒரு பொண்ணு, தீபாவளி சீசனுக்குன்னு புதுசா வந்தது, அது மட்டும் பின்பக்கப் படிக்கட்டு வழியா எறங்கிடலாம்னு ஓடியிருக்கு. பெட்டி அடுக்கி வெச்சிருந்தாங்களே, அங்க. மறுநாள் காலையிலதான் உடம்பை எடுத்தாங்க.

பாவம்தான். யாரு இல்லைன்னா? கீழ்த் தளத்து ஸ்டாஃப், மொதல் மாடி, ரெண்டாவது மாடி ஸ்டாஃப் எல்லாம் வாசனை வந்ததும் தானா வெளிய வந்துட்டாங்க. மூணாவது மாடியில கடையே நாலுதான். அதுலயும் இது கோடியில. பொகை அங்க வந்து சேர்ந்தப்ப நடைபாதையில கண்ணே தெரியலையாம்.

ஒரு வாரம் போனதும் முதலாளி குடும்பத்துலேர்ந்து வந்து, ஒரு சின்ன விழா மாதிரி வெச்சு, எனக்கு ஷீல்டு கொடுத்தாங்க. பெருசா இல்லை, ஆபீஸ் ரூம்லயேதான். சமயோசிதமா நடந்து வாடிக்கையாளர்களைக் காப்பாத்தினதுக்குன்னு. பேப்பர்ல என் பேரு வரும்னாங்க, வரலை. "மால் நிர்வாகம்"னு போட்டுட்டாங்க. அது போகட்டும்.

அதை வாங்கினதும் நேரா ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். வாசுகிகிட்டதான் மொதல்ல காட்டணும்னு தோணுச்சு. ஹார்லிக்ஸ், ஆப்பிள் எல்லாம் வாங்கிக்கிட்டுப் போனேன். மூக்குல குழாய் வெச்சுப் படுத்திருந்தா. ஷீல்டைப் பார்த்தா. என்னைப் பார்த்தா. அவ பேசவே கூடாதுன்னு நர்ஸ் சொல்லியிருந்தாங்க. குழாயை ஒரு கையால எடுத்துட்டுப் பேசுனா. குரலே இல்லை, காத்துதான் வருது.

"அந்தப் பொண்ணு பியூலா, 'போலாங்க்கா, காராம்'ன்னுச்சு. நமக்கில்லைடின்னு சொல்லி உக்கார வெச்சேன். நீ சொன்னதைத்தான் நான் சொன்னேன் ஹேமா."

மருந்து மயக்கத்துல பேசுறான்னு நெனைச்சேன். அதெல்லாம் யோசிக்காத, ஒன் மேல ஒரு தப்பும் இல்லை, ரூலு ரூலுதானேன்னு ஆறுதல் சொன்னேன். அவ சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா. அவ்வளவுதாங்க. அன்னிக்குத் திரும்பினவ இன்னிக்கு வரைக்கும் என் பக்கம் திரும்பலை. எத்தனை வருஷத்துப் பழக்கம்! ஒரே டப்பால சாப்பிட்டவங்க! அந்த ஷீல்டைத் தூக்கிக்கிட்டுப் போயிருக்கக் கூடாதோன்னு அப்புறம் தோணுச்சு. ஏற்கெனவே ஃபிரிட்ஜு விஷயத்துல மனசு ஒடஞ்சவ. நமக்கு ஒண்ணு கெடைச்சா கூட இருக்குறவங்களுக்குக் கொஞ்சம் வருத்தமா இருக்கும்தானே. மனுஷ சுபாவம்.

அப்புறம் விசாரணை வெச்சாங்க. பெரிய ஹால். அதிகாரி நடுவுல உக்காந்திருக்காரு. ஒவ்வொருத்தரா கூப்பிட்டுக் கேக்குறாரு. சார் என்னைக் கூப்பிட்டு மொத நாளே சொன்னாரு, நடந்ததை நடந்தபடி சொல்லு ஹேமா, மறைக்க ஒண்ணுமில்லைன்னு. எனக்கென்ன பயம்? அதிகாரி என்னைப் பார்த்து, அன்னிக்கு மைக்ல என்ன சொன்னீங்க, அப்படியே சொல்ல முடியுமான்னாரு. தாராளமா முடியும்னேன். எழுந்து நின்னேன். மைக் இல்லை, ஆனா அந்த ஹாலு நல்லா எதிரொலிக்குது.

"வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு. மயூரா மாலின் தீபாவளிச் சிறப்புக் குலுக்கல் இன்னும் சில நிமிடங்களில் முன்புற வாகன நிறுத்துமிடத்தில் நடைபெற உள்ளது. முதல் பரிசு, கார். வாடிக்கையாளர்கள் அனைவரும் உடனடியாக அங்கு வந்து கலந்துகொள்ளும்படி அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். மால் ஊழியர்கள் இதில் கலந்துகொள்ள இயலாது. நன்றி."

ஒரு பிசிறு இல்லை. அதிகாரி பேனாவை மூடி வெச்சுட்டாரு. நம்ம வெங்கடபதி சார் குனிஞ்சு தரையைப் பார்த்துக்கிட்டிருக்காரு. எனக்குத் தெரிஞ்சு என் குரல் அவ்வளவு பேரை ஒரே நேரத்துல கட்டிப் போட்டது அன்னிக்குத்தான்.

பின்னால ஒருத்தர் எழுந்தாரு. வெள்ளைச் சட்டை, ஒல்லியா இருப்பாரு. பியூலாவோட அப்பா. அவரு சண்டைக்கு வருவாருன்னு நெனைச்சேன். வரலை. "இன்னொரு தடவை சொல்றீங்களாம்மா?"ன்னாரு. அதிகாரி தலையாட்டுனாரு. நான் மறுபடி மொதல்லேர்ந்து சொன்னேன். அவரு கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாரு. முடிஞ்சதும், சரிங்கன்னாரு. வாசல்ல விட்டிருந்த செருப்பை மாட்டிக்கிட்டு எறங்கிப் போயிட்டாரு. அவரு எதுக்கு ரெண்டாவது தடவை கேட்டாருன்னு நான் ரொம்ப நாள் யோசிச்சேன். மொதல் தடவை சரியாக் கேக்கலை போல. கடைசி வரிசையில உக்காந்திருந்தாரு.

ஆமாங்க, அந்த வரியைச் சொன்னேன். எல்லாரும் அதையே கேக்குறாங்க. அது அறிவிப்போட சேர்ந்ததுங்க. அதை விட்டுட்டுச் சொன்னா அது குலுக்கல் மாதிரியே இருக்காது. வழக்கமா வர்றவங்க கண்டுபுடிச்சுடுவாங்க, என்னமோ நடக்குதுன்னு. அப்புறம் என்ன, ஓட்டம்தான். நான் யோசிச்சுச் சொன்னேனான்னு ஒருத்தரு கேட்டாரு. யோசிக்க எங்கங்க நேரம்? வாய் பாட்டுக்கு வருது. ஆனா, ஒருவேளை யோசிச்சிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

அப்படித்தான்னு நெனைக்கிறேன்.

மாலை ரிப்பேர் பண்ணித் தொறந்தாங்க. கால்வாசிக் கடைதான் வந்துச்சு. மூணாவது மாடிக்குக் கயிறு கட்டிட்டாங்க. நான் யாருமே இல்லாத தளத்தைப் பார்த்து வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்குன்னு சொல்லிக்கிட்டிருப்பேன். அப்புறம் கொரோனா வந்துச்சு. ஷட்டரை எறக்கினாங்க, அப்புறம் ஏத்தவே இல்லை. வெங்கடபதி சார் மகன்கூட கோயம்புத்தூர் போயிட்டாரு. ஒரு நாள் போன் பண்ணேன். எடுத்தாரு. ஏதோ பேசணும்னு ஆரம்பிச்சாரு, அப்புறம் உடம்பைப் பார்த்துக்கோன்னு சொல்லிட்டு வெச்சுட்டாரு.

வாசுகி அந்தப் புது மால்ல சேர்ந்துட்டான்னு கேள்விப்பட்டேன். அங்கயும் மூணாவது மாடிதான், அங்கயும் கொழந்தைங்க துணிதான். ரயில்ல எப்பவாவது பார்ப்பேன். பார்த்தா அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி வேற பெட்டியில ஏறிக்குவா. நான் ஒண்ணும் சொல்லிக்குறது இல்லை.

போன மாசம் அந்தப் புது மால்லேர்ந்து எனக்கு போன் வந்துச்சு. மைக்ல பேச அனுபவம் உள்ளவங்க வேணும், யாரோ ஒங்க பேரைச் சொன்னாங்க, வந்து பேசிக் காட்ட முடியுமான்னு கேட்டாங்க. வாசுகி அங்க இருக்கான்னு தெரியும். அதுக்காக நான் ஏன் போகாம இருக்கணும்? போனேன். அடேயப்பா, என்ன மாதிரி கவுண்டர், என்ன மாதிரி மைக்கு! தொட்டாலே பேசுது. அங்க ஒரு சின்னப் பொண்ணு, காயத்ரியோ என்னமோ, அவதான் இருந்தா. சும்மா ஒரு தள்ளுபடி அறிவிப்பு சொல்லுங்க மேடம், நெஜமாவே போகும்னா. கண்ணாடி போட்டுக்கிட்டு, தொண்டையைச் செருமிட்டு ஆரம்பிச்சேன். வாடிக்கையாளர்களின் கனிவான கவனத்திற்கு. என் குரல் அந்த அத்தனை மாடியிலயும் ஏறிப் போறதைக் கேட்டேன். எவ்வளவு நாளாச்சு! நின்னு மேல பார்த்தாங்க ஜனங்க.

சொல்லி முடிக்கலை, கவுண்டர்ல இருந்த போன் அடிச்சுது. அந்தப் பொண்ணு சிரிச்சா. மூணாவது மாடி துணிக்கடையிலேர்ந்து மேடம், நாங்க எந்த அறிவிப்பு போட்டாலும் அந்தக்கா போன் பண்ணுவாங்க, கொழந்தை காணோம்னு சொன்னாக்கூட பண்ணுவாங்க, நீங்களே எடுங்கன்னா.

எடுத்தேன்.

"இது எங்களுக்குமா?"

காத்துதான் வந்துச்சு. குரல் இல்லை. ஆனா எனக்குத் தெரியாதா? என் குரல் அவளுக்கும் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சுதான் கேட்டிருக்கா. கேட்டுட்டு வெக்கலைங்க. காத்துக்கிட்டிருந்தா. மூச்சு விடுறது விசில் மாதிரி கேக்குது.

சொல்லணும்தானே? துணித் தள்ளுபடி, அதுல ஸ்டாஃபுக்கு என்ன இருக்கு? இல்லம்மா, கஸ்டமருக்கு மட்டும்தான், நீங்க வேலையைப் பாருங்கன்னு சொல்லணும். அதுதான் சரியான பதில். வாயைத் தொறந்தேன். வரலைங்க. இத்தனை வருஷம் பேசின வாய். அந்தப் பொண்ணு என் கையிலேர்ந்து போனை வாங்கி, "கஸ்டமருக்குத்தாங்க்கா, ஒண்ணுமில்லை, நீங்க உக்காருங்க"ன்னு சொல்லிட்டு வெச்சா.

அவங்களுக்கு என் குரல் ரொம்பப் புடிச்சுப் போச்சு. மறுநாளே வரச் சொன்னாங்க. நான்தான் முடியாதுன்னுட்டு வந்துட்டேன். இங்கேர்ந்து அங்க போகணும்னா ரெண்டு பஸ்ஸு மாறணும்ங்க.